மீண்டு வருகிறவருக்கு ஒரு வீடு: இலவச உள்ளலங்கார உதவிக்குப் புதிதாக வரும் தன்னார்வலர்களுக்கான வழிகாட்டி

கணவர் வீட்டு வன்முறையிலிருந்து பிள்ளைகளோடு வெளியேறி, காப்பகத்தில் சில மாதம் தங்கி, ஒருவழியாக ஓர் அறையும் சமையலறையும் கொண்ட போர்ஷனை வாடகைக்குப் பிடித்திருக்கும் பெண்ணை மனத்தில் வைத்து இதை எழுதுகிறோம். தமிழ்நாட்டு நகரங்களில் இப்படிப்பட்ட வீடு பெரும்பாலும் பத்துக்குப் பன்னிரண்டு அடி ஹால், ஒரு சின்ன சமையலறை, ஒரு பாத்ரூம், அவ்வளவுதான். தீக்காயச் சிகிச்சை முடித்துத் திரும்பியவர், குடிநோய் மறுவாழ்வு மையத்திலிருந்து வந்தவர், துணையை இழந்து வீடு மாறியவர் ஆகியோருக்கும் பெரும்பகுதி பொருந்தும். மாறுபடும் இடங்களை அங்கங்கே சொல்லியிருக்கிறோம்.

இந்த வேலையில் அழகுக்கு இரண்டாவது இடம்தான். எந்தப் புடவையைக் கட்டுவது, எத்தனை மணிக்கு விளக்கை அணைப்பது என்பதைக்கூட அடுத்தவர் தீர்மானித்த வீட்டிலிருந்து அவர் வந்திருக்கலாம். புது வீட்டிலும் சுவர் நிறத்தை நாம் தீர்மானித்தால், நல்ல மனதோடு செய்தாலும் அதே காரியத்தைத்தான் செய்கிறோம். ஆகவே கண்ணைக் கட்டிக் கூட்டிவந்து திறந்து காட்டும் தொலைக்காட்சிப் பாணி இங்கே வேண்டவே வேண்டாம். ஒவ்வொரு முடிவும் அவருடையதாக இருக்கட்டும். நாம் அளப்போம், விளக்குவோம், தூக்குவோம், திருகுவோம்.

யார் மூலம் போவது

நேராக ஒரு வீட்டுக் கதவைத் தட்டாதீர்கள். மாவட்ட சமூக நல அலுவலகம், ‘சகி’ என்று அழைக்கப்படும் ஒருங்கிணைந்த சேவை மையம், காப்பகத்தின் பொறுப்பாளர், மருத்துவமனையின் சமூகப் பணியாளர் என ஏற்கெனவே அவரோடு தொடர்பில் இருக்கும் ஒருவர் வழியாகவே போக வேண்டும். அந்த நபரிடம் மூன்று விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: இந்த உதவியை அந்தப் பெண்ணே கேட்டாரா, வாடகை ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டதா, அவரைத் தேடி யாராவது வரக்கூடிய ஆபத்து இருக்கிறதா. முதல் கேள்விக்குத் தெளிவான ‘ஆமாம்’ வராதவரை அடுத்த படிக்குப் போகக் கூடாது.

பழைய வீட்டில் விட்டுவந்த நகை, சான்றிதழ், தையல் மிஷின் போன்றவற்றை ‘நாங்களே போய் வாங்கி வந்துவிடுகிறோம்’ என்று எந்தத் தன்னார்வலரும் கிளம்பக் கூடாது. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி, சீதனப் பொருள்களைத் திருப்பித் தரும்படி உத்தரவிட நீதிபதிக்கு அதிகாரம் உண்டு. மாற்று வீட்டுக்கு வாடகை தரும்படியும் உத்தரவிடலாம். அதற்கு இந்தச் சட்டப்படி நியமிக்கப்பட்ட பாதுகாப்பு அலுவலர் மூலம் மனு கொடுக்கலாம். பெண்களுக்கான 181 உதவி எண் இலவசமாக இயங்குகிறது. அவசரத்தில் அதைத் தொடர்புகொள்ளுங்கள்.

முகவரி ரகசியம். குழுவில் இருவருக்கு மேல் முகவரி தெரியக் கூடாது. மற்றவர்களுக்கு வேலை நாளன்று காலையில் சொன்னால் போதும். வாட்ஸ்அப் குழுவில் லொகேஷன் அனுப்பாதீர்கள். போனில் எடுக்கும் படத்திலேயே இடத்தின் விவரம் பதிவாகும் என்பதால் கேமரா அமைப்பில் லொகேஷனை அணைத்துவிட்டுப் போங்கள். சாமான் ஏற்றிவரும் குட்டி யானையில் அமைப்பின் பேனர் கட்டக் கூடாது. அக்கம்பக்கத்தார் கேட்டால் ‘சொந்தக்காரங்க, சாமான் இறக்க வந்தோம்’ என்பதே போதுமா, வேறு பதில் வேண்டுமா என்று அவரிடமே முன்கூட்டிக் கேட்டு வையுங்கள்.

இரண்டு கட்டமாகச் செய்யுங்கள்

புதியவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். குடிவந்த முதல் வாரத்திலேயே எல்லாவற்றையும் முடித்துக் கொடுக்க நினைப்பார்கள். அப்போது அவருக்கு அந்த வீட்டில் எங்கே வெயில் விழும், எந்தக் குழாயில் தண்ணீர் வரும், பிள்ளை எங்கே உட்கார்ந்து எழுதும் என்று எதுவும் தெரியாது. கேட்டதற்கெல்லாம் ‘உங்க இஷ்டம்’ என்பார். அதை நம்பி வாங்கிய பொருள்கள் ஒரு மாதத்தில் பரணுக்குப் போகும்.

முதல் கட்டம் குடிவரும் நாளுக்கு: பூட்டு, விளக்கு, படுக்கை, சமையல், குளியல், இவ்வளவே. புதுப் பூட்டும் சாவியும். அறைக்கு ஒன்றும் பாத்ரூமுக்கு ஒன்றுமாக எல்.இ.டி. விளக்கு, ஆளுக்கொரு பாய், தலையணை, போர்வை, அடுப்பு, குக்கர், ஒரு வாணலி, தோசைக்கல், இரண்டு குடம், ஆளுக்கொரு தட்டு டம்ளர், அஞ்சறைப் பெட்டி, அரிவாள்மனை அல்லது கத்தி, இரண்டு வாளி, ஒரு மக்கு, துடைப்பம். முகவரிச் சான்று மாற்றப்படாதவருக்கு முழு கேஸ் இணைப்பு கிடைக்கத் தாமதமாகும். அதுவரை அடையாள அட்டையை மட்டும் காட்டி வாங்கக்கூடிய 5 கிலோ சிலிண்டர் கைகொடுக்கும்.

இரண்டாம் கட்டம் மூன்று நான்கு வாரம் கழித்து. அதற்குள் வீடு அவருக்குப் பழகியிருக்கும். எது இடிக்கிறது என்று அவரே சொல்வார். இனி வருவதெல்லாம் இரண்டாம் கட்ட வேலை.

முதல் சந்திப்பு

இரண்டு பேர் போதும், ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். முக்கால் மணி நேரத்துக்கு மேல் உட்காராதீர்கள். பிள்ளைகள் முன்னால் ‘பாவம்’ என்ற சொல் வாயில் வரக் கூடாது. என்ன நடந்தது என்று கேட்கவும் கூடாது. அவராகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், அதற்கு மேல் தோண்டாதீர்கள்.

கேட்க வேண்டியது வேறு. காலையில் எழுந்ததிலிருந்து படுக்கும்வரை எந்த வேலையை எந்த இடத்தில் செய்கிறீர்கள்? பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள்? துணி எங்கே காய்கிறது? சாமி அலமாரி வேண்டுமா, தொழுகைக்கு இடம் வேண்டுமா, எதுவும் வேண்டாமா? இந்த வீட்டில் இருக்கவே கூடாது என்று நினைக்கும் பொருளோ நிறமோ வாசனையோ உண்டா? இந்தக் கடைசிக் கேள்விதான் முக்கியம். மண்ணெண்ணெய் வாடை, குறிப்பிட்ட பினாயில், படார் என்று சாத்தும் கதவு, சிவப்புச் சுவர் என எதிர்பாராத பதில்கள் வரும். காரணம் கேட்காமல் எழுதிக்கொள்ளுங்கள்.

தீக்காயத்திலிருந்து மீண்டவரிடம் கண்ணாடியைப் பற்றித் தனியாகக் கேட்க வேண்டும். சிலருக்குக் கண்ணாடி பதித்த பீரோ வேண்டாம். சிலருக்குக் கதவு போட்ட சின்னக் கண்ணாடி போதும், வேண்டும்போது திறந்து பார்த்துக்கொள்வார்கள். தோல் ஒட்டுச் சிகிச்சை நடந்த இடம் வியர்க்காது. அதனால் உடல் சூடு தணியாது. அவருடைய கட்டில் மேற்குச் சுவரை ஒட்டியோ சமையலறைச் சுவரை ஒட்டியோ வரக் கூடாது. மின்விசிறியின் நேர் கீழே வர வேண்டும்.

தேர்வு என்றதும் முப்பது நிறம் கொண்ட ஷேடு கார்டை விரித்து வைக்காதீர்கள். களைத்துப்போயிருக்கும் மனதுக்கு அதுவும் ஒரு பாரம். இரண்டோ மூன்றோ காட்டுங்கள், ‘எதுவும் பிடிக்கலைன்னா வேற கொண்டுவரோம்’ என்று சேர்த்துச் சொல்லுங்கள். துணியென்றால் ஒரு ஜாண் துண்டுகளாக வெட்டிக் கையில் கொடுங்கள். நிறத்தைவிடத் துணியின் தொடு உணர்வை வைத்துத்தான் பலர் முடிவெடுக்கிறார்கள்.

அளவெடுப்பது

ஐந்து மீட்டர் ஸ்டீல் டேப், கட்டம் போட்ட நோட்டு, பென்சில், டெஸ்டர் எடுத்துப் போங்கள். ஒரு கட்டம் என்றால் ஆறு அங்குலம் என்று வைத்து வரைந்தால் பத்துக்குப் பன்னிரண்டு அறை இருபதுக்கு இருபத்துநான்கு கட்டமாக ஒரே பக்கத்தில் அடங்கும். சுவரின் நீளத்தைத் தரைமட்டத்திலும் இடுப்பு உயரத்திலும் எடுங்கள். பழைய வீடுகளில் இரண்டும் ஓர் அங்குலம் வரை வேறுபடும். கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, ஜன்னல் அடிக்கட்டை எத்தனை அடியில் தொடங்குகிறது, சுவிட்ச் போர்டுகள் எங்கே, பரண் எவ்வளவு தாழ்வாக வருகிறது, எல்லாம் படத்தில் ஏற வேண்டும்.

மறந்துபோவது மாடிப்படி. வழக்கமான இரும்பு பீரோ ஆறரை அடி உயரம், மூன்று அடி அகலம், ஒன்றரை அடி ஆழம். படியின் அகலத்தை மட்டும் அளந்தால் போதாது. திருப்பத்தில் பீரோவைச் சாய்த்துத் திருப்ப இடம் இருக்கிறதா, மேல் படியின் அடிப்பகுதி தலையில் இடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். இடம் போதாதென்றால் நட்டு போல்ட்டு போட்டுக் கோக்கும் ஸ்லாட்டட் ஆங்கிள் ரேக்கே வழி. தட்டு தட்டாக மேலே கொண்டுபோய் உள்ளே பூட்டிக்கொள்ளலாம்.

ஒவ்வொரு பிளக்கையும் ஒரு மேஜை விளக்கைச் செருகிச் சோதியுங்கள். மூன்று துளை இருந்தாலும் எர்த் இணைப்பு இல்லாத போர்ஷன்கள் நிறைய. ஃபிரிட்ஜ், இண்டக்ஷன் அடுப்பு கொடுக்கும் திட்டம் இருந்தால் உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் ஒருவர் எர்த்தைப் பார்த்துச் சொல்லியே ஆக வேண்டும். இண்டக்ஷன் அடுப்புக்கு 16 ஆம்ப்பியர் பிளக் வேண்டும். சாதாரண எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் போட்டால் ஒயர் உருகும்.

வீட்டு உரிமையாளரிடம் பேசுவது

ஆணி அடிக்கலாமா, பெயிண்ட் அடிக்கலாமா, கதவில் துளை போடலாமா என்ற மூன்றுக்கும் எழுத்தில் அனுமதி வேண்டும். வாட்ஸ்அப் செய்தி போதும். பேசுவது அந்தப் பெண்ணா, அவர் சொல்லும் வேறொருவரா என்பதை அவரே முடிவு செய்வார். அவருடைய கதையை உரிமையாளரிடம் சொல்லும் உரிமை நமக்கில்லை.

கசப்பான விஷயம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். வீடு பளிச்சென்று ஆனதும் வாடகையை ஏற்றுகிற, காலி செய்யச் சொல்கிற உரிமையாளர்கள் இருக்கிறார்கள். ஆகவே பதினொரு மாத ஒப்பந்தம் கையில் வந்த பிறகே பெயிண்ட் வேலை. அதுவரை கழற்றி எடுத்துப்போகக் கூடியவற்றில் மட்டும் பணத்தைப் போடுங்கள். சுவரில் போடும் பணம் உரிமையாளருக்குப் போய்ச் சேரும். கட்டிலிலும் ரேக்கிலும் திரைச்சீலையிலும் போடும் பணம் அந்தக் குடும்பத்தோடு போகும்.

அறையை வகுப்பது

தூங்குமிடத்திலிருந்து தொடங்குங்கள். பயந்து வாழ்ந்தவருக்குக் கட்டிலில் படுத்தபடியே வாசல் கதவு கண்ணில் பட வேண்டும். ஆனால் கதவைத் திறந்ததும் வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் கட்டில் தெரியக் கூடாது. கதவு இருக்கும் சுவருக்கு எதிர்ச்சுவரில், நேர்க்கோட்டிலிருந்து விலகிய மூலை பெரும்பாலும் இரண்டுக்கும் ஒத்துவரும். தலைமாடு கெட்டிச் சுவரைத் தொட்டிருக்கட்டும், ஜன்னலை அல்ல. முதுகுக்குப் பின்னால் திறப்பு இருந்தால் பலருக்குத் தூக்கம் வருவதில்லை.

தாயும் இரண்டு பிள்ளைகளும் உள்ள வீட்டுக்கு ஒரு கணக்கைப் பார்ப்போம். அறை பத்து அடி அகலம், பன்னிரண்டு அடி நீளம். நான்குக்கு ஆறு அடி கட்டில் மூலையில் போடப்படுகிறது. அதன் பக்கத்தில் பிள்ளைகள் பாய் விரிக்க நான்கு அடி. மீதி இரண்டு அடி, இரவில் பாத்ரூம் போக வழி. பத்து அடியும் தீர்ந்தது. நீளத்தில் மிச்சமிருக்கும் ஆறு அடியில்தான் பீரோ, ரேக், படிக்கும் இடம், வாசல் எல்லாம் வர வேண்டும். இந்தக் கணக்கைப் போட்டால் தானமாக வரும் சோஃபாவை ஏன் மறுக்க வேண்டும் என்பது விளங்கும். சோஃபாவை வைத்தால் பாய் விரிக்க இடமில்லை.

பீரோவுக்கு முன்னால் கதவு திறக்க ஒன்றரை அடி, ஆள் நிற்க ஓர் அடி, ஆக இரண்டரை அடி காலியாக வேண்டும். படிப்பதற்குச் சுவரில் மடக்கும் பலகை இரண்டு அடிக்கு ஒன்றரை அடி போதும். ஜன்னலின் பக்கவாட்டில், வலக்கைப் பிள்ளைக்கு வெளிச்சம் இடப்பக்கமிருந்து விழும்படி.

கட்டில், பீரோ, ரேக் எல்லாவற்றையும் அதே அளவுகோலில் அட்டையில் வெட்டி, வரைபடத்தின் மேல் அவரையே நகர்த்தச் சொல்லுங்கள். பிள்ளைகளும் சேர்ந்துகொள்வார்கள். முடிவானதும் தரையில் சாக்பீஸால் அசல் அளவுக்குக் கோடு போட்டு, ஒரு முறை நடந்து பார்க்கச் சொல்லுங்கள். காகிதத்தில் சரியாக இருந்த பாதை, கையில் தண்ணீர்க் குடத்தோடு நடக்கும்போது இடிப்பது அப்போதுதான் தெரியும்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் தனக்கென்று ஒரு தட்டு, முடிந்தால் சின்னப் பூட்டு போட்ட டிரங்குப் பெட்டி வேண்டும். பள்ளிப் பையோடு மட்டும் கிளம்பி வந்த பிள்ளைக்கு ‘இது என்னோடது’ என்று சொல்ல ஓர் இடம் கிடைப்பது பெரிய காரியம். வயதுக்கு வந்த பெண்பிள்ளை இருந்தால் சமையலறைப் பக்கம் ஒரு கம்பியும் தரைவரை தொங்கும் கெட்டித் துணியும் போட்டு உடை மாற்ற மறைப்பு செய்யலாம்.

கதவு, ஜன்னல், திரை

பூட்டை மாற்றுவது முதல் கட்டத்திலேயே முடிந்திருக்க வேண்டும், ஏனென்றால் முன்பு குடியிருந்தவரிடம் சாவி இருக்கலாம். இப்போது தாழ்ப்பாள்களைப் பாருங்கள். பெரும்பாலான வாடகை வீடுகளில் தாழ்ப்பாளை அரை அங்குல ஸ்க்ரூவில் மாட்டியிருப்பார்கள். ஒரு தள்ளுத் தள்ளினால் பிடுங்கிக்கொண்டு வரும். எட்டு அங்குலத் தாழ்ப்பாள் மேலே ஒன்று, கீழே ஒன்று, ஒன்றரை அங்குல ஸ்க்ரூவோடு மாட்டுங்கள். கதவு மெல்லியதாக இருந்தால் ஸ்க்ரூ மறுபக்கம் வந்துவிடும், பலகையின் தடிமனை முதலில் அளந்துகொள்ளுங்கள். வெளியே யார் நிற்கிறார் என்று பார்க்கும் கண்ணாடித் துளையைக் கடைக்காரர் ‘வழக்கமா அஞ்சு அடி’ என்பார். அந்தப் பெண்ணைக் கதவருகே நிற்க வைத்து, அவர் கண்ணுக்கு நேரே பென்சிலால் குறியுங்கள். பிள்ளைகள் தனியாக இருக்கும் வீடென்றால் கீழே இன்னொன்று போடுவது நல்லது.

திரைச்சீலையில் ஒரு சோதனையைத் தவறவிடாதீர்கள். பகலில் மறைப்பாகத் தெரியும் மெல்லிய துணி, இரவில் உள்ளே விளக்கு எரியும்போது ஆள் நடமாட்டத்தை அப்படியே நிழலாகக் காட்டிவிடும். வாங்கும் முன் துணித் துண்டை ஜன்னலில் பிடித்து, இருட்டிய பிறகு விளக்கைப் போட்டுவிட்டு ஒருவர் தெருவில் நின்று பார்க்க வேண்டும். நிழல் தெரிந்தால் லைனிங் துணி வைத்துத் தைக்க வேண்டும். நான்கு அடி ஜன்னலுக்கு ஆறு முதல் எட்டு அடி அகலத் துணி தேவை. அதற்குக் குறைந்தால் இழுத்து மூடியதும் ஓரங்களில் இடைவெளி விழும். ஆணிக்கு அனுமதி இல்லாத இடத்தில் ஜன்னல் குழிக்குள் இறுக்கி நிற்கும் ஸ்பிரிங் கம்பி போதும், ஆனால் அது கனமான துணியைத் தாங்காது. அகலம் நான்கு அடியைத் தாண்டினால் நடுவில் தொய்ந்து விழும்.

துணி காயப்போடும் இடத்தையும் இதோடு சேர்த்து யோசியுங்கள். தான் இங்கே இருப்பது யாருக்கும் தெரியக் கூடாது என்று நினைப்பவர் புடவையைப் பால்கனிக் கொடியில் போட மாட்டார். ஈரத்துணி உள்ளேயே காய்ந்தால் மூன்று மாதத்தில் சுவரில் பூஞ்சை பிடிக்கும். ஜன்னலோரம் மடக்கு ஸ்டாண்டு ஒன்று வைத்து மின்விசிறிக் காற்று படும்படி அமைத்துக் கொடுங்கள்.

சுவரும் பெயிண்டும்

ஒப்பந்தமும் அனுமதியும் இருந்தால், பத்துக்குப் பன்னிரண்டு அறை, ஒன்பது அடி உயரம் என்றால் கதவு ஜன்னல் போகச் சுமார் 360 சதுர அடி சுவர் வரும். இரண்டு கோட் எமல்ஷனுக்கு ஆறு லிட்டர், ஒரு கோட் பிரைமருக்கு மூன்றரை லிட்டர், கூரைக்கு வெள்ளை இரண்டு லிட்டர் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். சொரசொரப்பான சுவர் இன்னும் குடிக்கும்.

பெயிண்ட் உரிவதற்கு முக்கியக் காரணம் இரண்டு. ஒன்று, பழைய சுண்ணாம்பின் மேலேயே அடிப்பது. ஈரக் கையால் சுவரைத் தேயுங்கள். கையில் வெள்ளையாக ஒட்டினால் முழுவதும் சுரண்டி, உப்புத்தாள் போட்டு, பிரைமர் அடித்தபின்தான் எமல்ஷன். இன்னொன்று ஈரம். தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரத்துக்குச் சுவர் உப்புப் பூத்திருந்தால் எந்த விலையுயர்ந்த பெயிண்டும் ஒரு மழைக்காலத்தைத் தாண்டாது. கசிவைச் சரிசெய்வது உரிமையாளர் வேலை. அதுவரை அந்தப் பகுதியை மூச்சுவிட விட்டுவிடுங்கள். அதன் மேல் வால்பேப்பரோ பிளாஸ்டிக் ஷீட்டோ ஒட்டினால் ஈரம் உள்ளே அடைபட்டு, பின்னால் கரும்பூஞ்சை வளரும். பீரோவையும் அந்தச் சுவரிலிருந்து நான்கு அங்குலம் தள்ளி வையுங்கள்.

முழு அறைக்கும் நேரமோ பணமோ இல்லையென்றால், படுத்தால் கண்ணில் படும் ஒரு சுவரை மட்டும் அவர் கேட்ட நிறத்தில் அடிக்கலாம். அதற்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் போதும். அடித்த வாடை போகக் குறைந்தது மூன்று நாள் ஜன்னல் திறந்திருக்க வேண்டும். அந்த நாள்களில் குடும்பம் எங்கே தங்கும் என்பதை முடிவு செய்யாமல் டப்பாவைத் திறக்காதீர்கள்.

ஒட்டும் கொக்கிகளைப் பற்றி: டைல்ஸில் நன்றாக நிற்கும், டிஸ்டெம்பர் அடித்த சுவரில் பெயிண்டையும் உரித்துக்கொண்டு விழும். துளை போட அனுமதி இருந்தால் 6 மில்லிமீட்டர் பிட், அதே அளவு பிளாஸ்டிக் பிளக், ஒன்றரை அங்குல ஸ்க்ரூ. துளையிடும்போது மணலாகக் கொட்டிக்கொண்டே இருந்தால் பூச்சு இற்றுப்போயிருக்கிறது. அங்கே கனமான எதையும் மாட்டாதீர்கள். ஸ்லாட்டட் ஆங்கிள் ரேக் ஆறடி உயரமென்றால் மேல்பகுதியை ஜன்னல் கம்பியோடாவது சுவர்க் கொக்கியோடாவது கட்டியே ஆக வேண்டும். பிள்ளைகள் அதில் ஏறுவார்கள்.

வெளிச்சம்

ஒரே ஒரு வெள்ளை ட்யூப்லைட்தான் பெரும்பாலான வீடுகளில். படிக்கவும் சமைக்கவும் அது நல்லது, 20 வாட் எல்.இ.டி. பட்டி போதும். ஆனால் தூங்கும் நேரத்துக்கு முன் அதை அணைத்தால் கும்மிருட்டு, போட்டால் கண் கூசும். கட்டிலருகே கைக்கெட்டும் சுவிட்சோடு 5 அல்லது 7 வாட் மஞ்சள் ஒளி பல்பு ஒன்று வையுங்கள். பெட்டியில் 2700 அல்லது 3000 கெல்வின் என்று போட்டிருக்கும். பாத்ரூம் வழியில் அரை வாட் இரவு விளக்கு ஒன்று. கெட்ட கனவில் திடுக்கிட்டு எழும் பிள்ளைக்கு, கண் திறந்ததும் எங்கே இருக்கிறோம் என்று தெரிவதற்கு இது உதவும். எங்கள் கணிப்பில், குறைந்த செலவில் அதிகப் பலன் தருவது இந்த இரண்டு விளக்குகள்தான்.

தானமாக வரும் பொருள்கள்

பழைய மெத்தை, பஞ்சுத் தலையணை, துணி போர்த்திய சோஃபா மூன்றையும் மறுத்துவிடுங்கள். மூட்டைப்பூச்சி ஒரு வீட்டுக்குள் வந்தால் அந்தக் குடும்பம் உறக்கத்தையும் பணத்தையும் சேர்த்து இழக்கும். மரக்கட்டில் என்றால் பொருத்துகளில் டார்ச் அடித்துக் கரும்புள்ளிகள் இருக்கிறதா என்று பாருங்கள். காலடியில் மாவு போலக் கொட்டிக் கிடந்தால் வண்டு அரிக்கிறது. ஃபிரிட்ஜைக் கொடுப்பவர் வீட்டிலேயே ஒரு நாள் ஓடவிட்டுப் பாருங்கள். வீட்டு மின்கட்டணத்தில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்றாலும், உள்மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்கும் போர்ஷனில் அந்தச் சலுகை குடியிருப்பவருக்குக் கிடைக்காமலே போகலாம். மாதச் செலவு எவ்வளவு கூடும் என்று அவரோடு உட்கார்ந்து கணக்குப் போட்ட பின்பே ஃபிரிட்ஜை ஏற்றுங்கள்.

உடைந்ததும் கறைபடிந்ததும் ‘இல்லாதவங்களுக்கு இது போதும்’ என்ற எண்ணத்தோடு வரும். நம் வீட்டுக் கூடத்தில் வைக்கத் தயங்குவதை அவர் வீட்டுக்கு அனுப்பக் கூடாது. கொடுத்த பொருளோடு படம் வேண்டும், குடும்பத்தை நேரில் பார்க்க வேண்டும் என்று கேட்கும் கொடையாளரிடம் முதலிலேயே முடியாது என்று சொல்லிவிடுங்கள்.

பொருத்தும் நாள்

நான்கு பேர் போதும். கூட்டம் கூடினால் சின்ன அறையில் வேலை நடக்காது. அந்நியர் நிறைந்த வீட்டில் அவருக்கு மூச்சு முட்டும். ஆண்கள் வரலாமா என்று முந்தின நாளே கேளுங்கள். அவர் கூடவே இருப்பாரா, சாயங்காலம் வருவாரா என்பதும் அவர் இஷ்டம். இல்லாதபோது பீரோவையோ பைகளையோ திறக்கக் கூடாது.

எடுத்துப் போக வேண்டியவை: ட்ரில் மிஷின், 6 மற்றும் 8 மில்லிமீட்டர் பிட், பிளக்கும் ஸ்க்ரூவும் ஒரு டப்பா, ஸ்பானர் செட், ஸ்க்ரூடிரைவர், சுத்தியல், மட்டப்பலகை, மாஸ்கிங் டேப், ஏணி, பழைய துணி, குப்பைப் பைகள், குடிதண்ணீர், சாப்பாடு. அவரைச் சமைக்க விடாதீர்கள், ஆனால் அவர் டீ போட்டுக் கொடுத்தால் மறுக்காமல் குடியுங்கள்.

வரிசை முக்கியம். முதலில் துளை போடும் வேலையும் தூசி கிளம்பும் வேலையும். பிறகு கூட்டித் துடைத்து ரேக், பீரோ. அதன்பின் கட்டில், கடைசியில் திரையும் துணிமணியும். கட்டிலை முதலில் போட்டால் அன்று முழுவதும் அதைத் தூக்கிக்கொண்டே அலைய வேண்டும். கேஸ் அடுப்பு மேடையிலும் சிலிண்டர் தரையில் நிமிர்ந்தும் இருக்கட்டும். அடுப்பு எப்போதும் சிலிண்டரைவிட உயரத்தில்தான் இருக்க வேண்டும். டியூபில் பதித்திருக்கும் தேதியைப் பார்த்து, ஐந்து ஆண்டு தாண்டியிருந்தால் மாற்றிவிடுங்கள்.

சமையலறைச் சாமான்களையும் துணிகளையும் நாம் அடுக்கக் கூடாது. தட்டுகளைத் துடைத்துக் காலியாக விட்டுவிடுங்கள். எந்த டப்பா எங்கே என்பது சமைக்கிறவர் கைக்குத் தெரிந்திருக்க வேண்டியது. சுவரில் மாட்டும் படங்களும் அப்படியே. நான்கு கொக்கியைக் கொடுத்துவிட்டு வந்தால் போதும், ‘நம்பிக்கையோடு இரு’ போன்ற வாசகப் பலகைகள் வேண்டாம்.

அதன் பிறகு

இரண்டு வாரம் கழித்து, நேரம் கேட்டுக்கொண்டு, முன்பு வந்த அதே இருவர் போங்கள். தளர்ந்த ஸ்க்ரூ, இடிக்கும் கதவு, தொய்ந்த திரைக்கம்பி ஏதாவது இருக்கும். நாம் பார்த்துப் பார்த்து வைத்த இடத்திலிருந்து கட்டில் நகர்ந்திருந்தால் சந்தோஷப்படுங்கள், காரணம் கேட்டு விவாதிக்காதீர்கள். படம் எடுக்க அனுமதி கேட்பதாக இருந்தால் இந்தச் சந்திப்பில் கேட்கலாம். வேலை முடிந்த அன்றே கேட்டால் நன்றிக் கடனில் சரி என்றுவிடுவார். அனுமதி கிடைத்தாலும் முகம், ஜன்னலுக்கு வெளியே தெரியும் காட்சி, பள்ளிச் சீருடை, கதவு எண் எதுவும் படத்தில் வரக் கூடாது.

எல்லா ரசீதுகளும் வாரண்டி அட்டைகளும் உரிமையாளரின் அனுமதிச் செய்தியின் பிரிண்டும் ஒரு ஃபைலில் அவர் பெயரில் இருக்க வேண்டும். பொருள்கள் அமைப்புக்குச் சொந்தமல்ல, அவருக்கே சொந்தம் என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்திட்டு அதில் வையுங்கள்.

பாதுகாப்புக் காரணமாக இந்தக் குடும்பம் ஓர் இரவில் வீடு மாற நேரலாம். அதனால் ரேக்கின் உபரி நட்டு போல்ட்டுகளையும் ஒரு சின்ன ஸ்பானரையும் துணிப்பையில் போட்டு ரேக்கின் காலிலேயே கட்டிவிடுங்கள். கட்டிலின் பொருத்துகளில் 1, 2, 3 என்று மார்க்கரில் எண் போட்டு, எந்த வரிசையில் கழற்றுவது என்று அவரையும் மூத்த பிள்ளையையும் ஒருமுறை கழற்றி மாட்டிப் பார்க்கச் செய்யுங்கள்.